கடவுச்சொல் சரிதான், கதவு ஏன் திறக்கவில்லை?

“சார், கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், புஷ் செய்தால் கிட்ஹப் ஏற்க மறுக்கிறது. கோப்புறையை அழித்துவிட்டு மறுபடியும் இறக்கிக்கொள்ளட்டுமா?”

சிலிம் ரிவரில் படிவம் 4 மாணவர் ஒருவர், செயல்திட்டத்தை ஒப்படைப்பதற்கு முதல் நாள் மாலை கேட்ட கேள்வி இது. நல்ல வேளை, அழிப்பதற்கு முன் கேட்டார்!

மாணவர்களே, கிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய மென்பொருள். அதில் ‘கமிட்’ செய்த நிரல் முதலில் நம் கணினியில் மட்டுமே பதிவாகும். ‘புஷ்’ செய்த பிறகே அதன் நகல் இணையக் களஞ்சியத்துக்குச் செல்லும். அதற்குள் கோப்புறையை அழித்தால் உழைப்பெல்லாம் வீண்தான்.

சரி, கடவுச்சொல் ஏன் செல்லவில்லை? 2021 ஆகஸ்ட் 13 முதல், புஷ் செய்யும்போது கணக்கின் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. இணையத்தளத்தில் நுழைய மட்டுமே அது உதவும். புஷ் செய்ய ‘டோக்கன்’ என்ற நீண்ட குறியீடு வேண்டும். கடவுச்சொல் வீட்டின் முழுச் சாவிக்கொத்து போன்றது. டோக்கன் ஓர் அறையின் சாவி. எந்தக் களஞ்சியத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று வரம்பு வைக்கலாம். தொலைந்தால் அதை மட்டும் இரத்து செய்யலாம்.

கணக்கின் அமைப்புகளில், மேம்பாட்டாளர் பகுதியில் டோக்கனை உருவாக்கலாம். எழுதும் அனுமதியையும் சேர்த்துக் கொடுங்கள். அது ஒரே முறைதான் திரையில் தெரியும், உடனே பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அதை ஒட்டுங்கள். திரையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பயப்படாமல் என்டர் விசையை அழுத்துங்கள்.

‘403’ என்ற எண் வந்தால் சிக்கல் வேறு. “நீ யார்?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, “இங்கே எழுத உனக்கு அனுமதி உண்டா?” என்பதில்தான் தடை. டோக்கனில் எழுதும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். அண்ணனும் தம்பியும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்தும் வீடுகளில், அண்ணனின் கணக்கு அதில் பதிந்திருக்கலாம். விண்டோஸ் கணினியானால் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் கிட்ஹப் பதிவை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இன்னொரு வழி எஸ்எஸ்எச். பின்லாந்தில், தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, 1995இல் தாத்து யூலோனென் இதை உருவாக்கினார். இதில் இரண்டு சாவிகள். பொதுச் சாவியை கிட்ஹப்பில் பதிய வேண்டும். இரகசியச் சாவி நம் கணினியை விட்டு வெளியேறாது. அது இடும் மின் கையொப்பத்தைப் பொதுச் சாவி சரிபார்க்கும். ‘பப்ளிக்கீ’ என்று பிழைச்செய்தி வந்தால், பொருந்தும் சாவி கிடைக்கவில்லை என்று பொருள்.

அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது ஒரு டோக்கன்தான். அன்று மாலையே புஷ் செய்துவிட்டார். ஆனால், டோக்கனை நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். வெளியே கசிந்தால் உடனே இரத்து செய்யுங்கள்.

அடுத்த முறை புஷ் தோற்றால், முதலில் பிழைச்செய்தியை நிதானமாகப் படியுங்கள். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும்!