கல்லுக்குள் கிடந்த ராஜா!
குஜராத்தில் வேட்டையாடிய கொம்பு டைனோசர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போனால் வழியெங்கும் பாறைகளைப் பார்க்கலாம். கல் உடைக்கும் குவாரிகளும் உண்டு.

"இந்தப் பாறைக்குள் டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

"இருக்காது" என்று தைரியமாகச் சொல்லலாம்.

காரணம் இதுதான். இந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், கடும் சூட்டில் உருவானவை. அப்போது எலும்புள்ள பிராணி எதுவும் உலகில் தோன்றவில்லை. டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இவை கிழட்டுப் பாறைகள்!

எலும்பு தங்கும் கல் வேறு. ஆற்று மணலும் சேறும் படிந்து, அடுக்கடுக்காக இறுகிய கல் அது. செத்த மிருகத்தைச் சேறு மூடிவிட்டால், அதன் எலும்பும் நாளடைவில் கல்லாகிவிடும்.

அப்படிப்பட்ட கல் குஜராத் மாநிலத்தில், பாலாசினோர் ஊருக்கு அருகே உள்ள ரையோலி கிராமத்தில் இருக்கிறது. அங்கேதான் நம் நாட்டின் "ராஜா" அகப்பட்டது.

20 ஆண்டு காத்திருந்த எலும்பு

1982 முதல் 1984 வரை அங்கே எலும்புகளைச் சேகரித்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவஸ்தவா. மண்டையின் ஒரு பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் எலும்புகள் கிடைத்தன.

பல ஆண்டுகள் கழித்து இந்திய விஞ்ஞானிகளும், அமெரிக்காவிலிருந்து வந்த பால் செரினோ, ஜெஃப்ரி வில்சன் ஆகியோரும் அவற்றை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அது உலகம் அறியாத புதிய மிருகம்! 2003-ம் ஆண்டில் அதற்கு "ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்" என்று பெயர் சூட்டினார்கள். நர்மதைக் கரையின் ராஜப் பல்லி என்று பொருள்.

எப்படி இருந்தது?

நீளம் 22 அடி முதல் 30 அடி வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு லாரி நீளம். பின்னங்கால் இரண்டும் பருத்தவை. அவற்றின் மேல்தான் நடந்தது. தலையின் நடுவே, கிரீடம் வைத்தாற்போல், மழுங்கிய ஒரே கொம்பு.

இரையைக் குத்திக் கிழிக்கும் கொம்பு அல்ல அது. தன் இனத்துக்கு முன் வீறு காட்டவோ, போட்டியாளனை முட்டவோ அது உதவியிருக்கலாம்.

கொல்லும் ஆயுதம் வாய்தான். இந்தக் குடும்பத்து மிருகங்களுக்குக் கைகள் மிகக் குட்டை. இரையைக் கையால் பிடிக்க முடியாது. ஆனால் தலை அகலம், கழுத்து வலுவானது. கவ்வினால் விடாது.

தின்பதற்கும் பஞ்சம் இல்லை. நீண்ட கழுத்துள்ள, தழை தின்னும் ராட்சத டைனோசர்கள் அங்கே கூட்டமாக முட்டையிட்டன. அந்த முட்டைகள் இன்றும் கல்லாகக் கிடக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சை விழுங்கப் பதினோரு அடிப் பாம்பு ஒன்று கூட்டிலேயே சுருண்டிருந்தது. பாம்பும் குஞ்சும் சேர்ந்தே மண்ணில் புதைந்து கல்லாகிவிட்டன!

மடகாஸ்கர் தீவிலும் ராஜாசாரஸுக்கு ஓர் உறவினம் இருந்தது. அது தன் இனத்தையே தின்றிருக்கிறது. எலும்பில் பதிந்த பல் தடங்களே சாட்சி. ஒரு காலத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த நிலம்; அதனால் இரண்டு இடத்திலும் ஒரே குடும்பம்.

ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், விண்ணிலிருந்து பெரிய பாறை ஒன்று மெக்சிகோ பக்கம் வந்து மோதியது. மேற்கு இந்தியாவில் எரிமலைக் குழம்பும் ஆறாகப் பாய்ந்த காலம் அது. அத்தோடு டைனோசர்களின் ஆட்சி முடிந்தது. தப்பிப் பிழைத்த ஒரே கிளை பறவைகள்தான்.

நம் தமிழ்நாட்டில்?

உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987-ல் "புருகத்காயோசாரஸ்" என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 6½ அடி! மாமிசம் தின்னும் மிருகம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். தழை தின்னும் ராட்சதன் என்று பிறகு கருத்து மாறியது.

சந்தேகத்தைத் தீர்க்க எலும்பைத் திரும்பப் பார்க்கலாமே என்கிறீர்களா? எலும்பு இல்லை! அது ஈரத்தில் ஊறி உதிர்ந்து போயிற்று. படமும் எழுத்துமே மிச்சம்.

அதே கல்லமேட்டில், மாமிசம் தின்னும் சிறிய டைனோசர் ஒன்றின் பல் கிடைத்ததாக 2013-ல் அறிவித்தார்கள். ஒரு சின்னப் பல் தப்பியது. 6½ அடி எலும்பு தப்பவில்லை.

ஓசூரில் எழும்பும் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் சிமெண்டு வேண்டும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அரியலூரில் அந்தக் கல்லை வெட்டும் பூமியிலேதான் பழைய உயிர்களும் புதைந்திருக்கின்றன. வெட்டுவதை நிறுத்த முடியாது. வெட்டும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம்.

குவாரியில் வேலை செய்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எலும்பு போலவோ, உருண்டை முட்டை போலவோ கல் தென்பட்டால் உடைக்க வேண்டாம். பெயர்த்து எடுக்கவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

ரையோலியில் எலும்பைப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் ராஜா கிடைத்தார். 2019-ல் அங்கே அருங்காட்சியகமும் எழுந்தது. கல்லமேட்டு ராட்சதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அடுத்து அகப்படுவதாவது நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கக் கிடைக்கட்டும்!