மஞ்சள் நிறம் எங்கே?

எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கு ஒன்று உண்டு. அதன் ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டர் வழியே நோக்கினால் இரண்டு மஞ்சள் கோடுகள் நெருங்கி நிற்கக் காணலாம். ஒன்றின் அலைநீளம் 589.0 நானோமீட்டர், மற்றொன்று 589.6. சென்ற பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்து அளப்பதிலேயே என் மாலைப் பொழுதுகள் கழிந்தன. ஒருநாள் விடுதியில், தத்துவம் பயிலும் லக்னோ நண்பர் ஒருவர் கேட்டார்: “எண்ணைச் சொல்லிவிட்டீர்கள், மஞ்சள் எங்கே?” கண்ணிலும் மூளையிலும் என்றேன். “அப்படியானால் உலகில் நிறமே கிடையாதா?” என்றார். ஐந்தாண்டுகளாகப் பௌதிகம் படிக்கும் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

நான் சொன்ன விடை என்னுடையதன்று, கலிலியோவுடையது. அளவு, வடிவு, இயக்கம் ஆகியன பொருளுக்கு உரியவை. நிறமும் சுவையும் மணமும் உணர்பவனிடத்தே மட்டும் உள்ளவை என்று 1623இல் வெளிவந்த நூலில் அவர் பிரித்தார். அளக்கக் கூடியதை மட்டும் எடுத்துக் கொண்டதனால்தான் விஞ்ஞானம் இவ்வளவு விரைவாக வளர்ந்தது. ஆனால், ஒதுக்கி வைத்ததை ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு நமக்கு எப்போது வந்தது? மேலைநாட்டுத் தத்துவ அறிஞரும் இஸ்லாமியச் சிந்தனையாளரும் விஞ்ஞானத்தின் மீது தொடுக்கும் வழக்கு இந்த ஓரிடத்தில்தான் தொடங்குகிறது.

இயற்கையை இரு கூறாக்கியது தவறு என்று 1920இல் வாதாடினார் வைட்ஹெட். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஹுஸர்ல், 1936இல் இன்னும் ஆழமாகச் சென்றார். நாம் பார்த்து, தொட்டு, உண்டு வாழும் உலகிலிருந்துதான் விஞ்ஞானம் பிறந்தது. பிறந்த பிள்ளை தாயையே மறந்துவிட்டது என்பது அவர் குறை.

இஸ்லாமியர் தரப்பில் என்னைப் பெரிதும் கலக்கியவர் செய்யித் ஹுசைன் நஸ்ர் என்னும் ஈரானியர். அவரும் பௌதிக மாணவரே, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1954இல் பட்டம் பெற்றவர். பொருளின் உண்மையான இயல்பைப் பௌதிகம் காட்டாது என்று கண்டு மனமுடைந்து, விஞ்ஞான வரலாற்றுக்குத் திரும்பி, 1958இல் ஹார்வர்டில் டாக்டர் ஆனார். 1966இல் சிக்காகோவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1968இல் நூலாயின. அரபு மொழியில் ‘ஆயத்’ என்ற சொல் திருக்குர்ஆன் வசனத்தையும் குறிக்கும். இயற்கையில் இறைவன் வைத்துள்ள அடையாளத்தையும் குறிக்கும். ஆகவே மலையும் மழையும் வாசிக்க வேண்டிய வசனங்கள். நவீன விஞ்ஞானமோ, என் சொல்லில் கூறினால், எழுத்தின் நீள அகலங்களை அளந்துவிட்டுப் பொருளைப் படியாமலே ஏட்டை மூடிவிடுகிறது. பொருளற்றுப் போன இயற்கையைச் சூறையாட மனிதன் ஏன் தயங்குவான்? இது நஸ்ரின் கட்சி.

ஹுஸர்ல் தேடுவது மனிதன் வாழும் உலகை. நஸ்ர் தேடுவது அவ்வுலகம் சுட்டும் இறைவனை. வேறுபாடு சிறிதன்று.

நஸ்ர் நோயைச் சரியாகவே கண்டார் என்பேன். மருந்தில்தான் எனக்கு ஐயம். மரபு ஞானத்துக்குத் திரும்புக என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்து ஒளியியல் நூல் இயற்றிய இப்னு அல் ஹைதம் என்ன செய்தார்? இருட்டறையில் துளை வழியே நுழைந்த ஒளியைச் சோதித்தார், கணக்கிட்டார். அவர் கையிலும் அளவுகோல் இருந்ததே! அதை நான் கீழே போட வேண்டுமா, வேறு விதமாகப் பிடிக்க வேண்டுமா? நாளை ஆய்வுக்கூடத்தில் நான் எதை மாற்றிச் செய்வது?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் இக்பால். 1929 ஜனவரியில் சென்னையிலும், அதே ஆண்டில் இங்கு அலிகாரிலும் அவர் சொற்பொழிவாற்றினார். (சென்னையில் நடந்ததை அலிகார் வந்தா நான் அறிய வேண்டும்! வெட்கந்தான்.) விஞ்ஞானம் தருவது துண்டு துண்டான காட்சி என்று அவரும் குறை கூறுகிறார், அதற்கு வைட்ஹெட்டையே துணைக்கு அழைக்கிறார். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்லவில்லை. இயற்கையை உற்று நோக்குவதும் ஒருவகை வழிபாடே என்கிறார். கடவுள் நம்பிக்கையில் உறுதியில்லாத எனக்கு ‘வழிபாடு’ என்ற சொல் சற்றே உறுத்துகிறது. ஆனால் இருட்டறையில் அந்த இரட்டைக் கோடுகள் முதன்முதலாகப் பிரிந்து தெரிந்தபோது எண்ணைக் குறிக்க மறந்து நின்றேனே, அதற்கு வேறு பெயர் என்ன?

லக்னோ நண்பர் இக்பாலை ஏற்கவில்லை. சமாதானம் பேசுகிறார் என்கிறார். நஸ்ரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. வெள்ளி இரவுதோறும் என் அறையில் வழக்கு நடக்கிறது. வர விரும்பும் தமிழன்பர்கள் வரலாம். தேநீர் என் பொறுப்பு, சர்க்கரை மட்டும் கொண்டு வருக.