நிற்பதற்கும் வரி!

ராலி சைக்கிளை அறியாத தமிழர் ஒரு காலத்தில் இருந்திருக்க முடியாது. உத்தியோகஸ்தர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரையில், அதன் மணியோசையைக் கேட்டே வீட்டார் வாசற்கதவைத் திறந்துவிடுவார்கள். அந்தச் சைக்கிளின் ஜன்ம பூமி, இங்கிலாந்தின் நடுப்பாகத்தில் டிரென்ட் நதிக்கரையில் உள்ள நாட்டிங்ஹாம் நகரம். சைக்கிள் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய அந்த ஊர்க்காரர்களும் காலக்கிரமத்தில் மோட்டாருக்கு அடிமையானார்கள். காலையிலும் மாலையிலும் வீதிகள் வண்டிகளால் அடைபட்டுத் திணறின. அதற்குப் பரிகாரமாக அவ்வூர் நகரசபை 2012-ம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரு விசித்திரமான வரியை வசூலிக்கத் தொடங்கிற்று.

வண்டி ஓடுவதற்கு வரி உண்டென்பது நமக்குத் தெரியும். இதுவோ வண்டி சும்மா நிற்பதற்கு வரி! அதுவும் பொது வீதியில் நிற்பதற்கல்ல. தொழிற்சாலையோ காரியாலயமோ தன் சொந்த மதிற்சுவருக்குள், சொந்த நிலத்தில், தன் சிப்பந்திகளின் வண்டிகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்துக்கு. “என் முற்றத்தில் என் குமாஸ்தா வண்டியை நிறுத்தினால் நகரசபைக்கு என்ன வந்தது?” என்று முதலாளிகள் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வண்டி ஆகாய மார்க்கமாக முற்றத்தில் வந்து இறங்கவில்லையே! வழி நெடுகப் பிறரையும் நெருக்கிக்கொண்டு வந்துதானே அங்கே நிற்கிறது? நகரசபையின் வாதம் இதுதான்.

இந்த அதிகாரத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளித்தது 2000-ம் வருஷத்துப் போக்குவரத்துச் சட்டம். அதை எடுத்துப் பிரயோகிக்கத் துணிந்த முதல் நகரம் நாட்டிங்ஹாம். ஏற்பாடு இப்படி: வேலை கொடுப்பவர் ஒவ்வொருவரும் தம்மிடம் எத்தனை இடங்கள் உண்டு என்று கணக்குக் காட்டி வருஷந்தோறும் லைசென்ஸ் பெறவேண்டும். பத்து இடங்கள் வரையில் உள்ளவருக்கு வரி கிடையாது. பதினொன்று ஆகிவிட்டால் எல்லா இடங்களுக்கும் உண்டு. ஆஸ்பத்திரிகளுக்கும், தீயணைப்புப் படை போன்ற அவசரப் பணியாளருக்கும், அங்கஹீனர்களின் வண்டிகளுக்கும் விலக்கு அளித்தார்கள். கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வரி இல்லை. முதல் வருஷத்தில் இடம் ஒன்றுக்கு 288 ஆங்கிலப் பவுன். படிப்படியாக ஏறிப் பிற்பாடு அது 500 பவுனையும் தாண்டிவிட்டது.

ராபின் ஹூட் கதையில் ஏழைகளைக் கசக்கிப் பிழியும் கொடிய ஷெரீப் இதே நாட்டிங்ஹாமைச் சேர்ந்தவர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரியை எதிர்த்தவர்களுக்குப் பரிகாசம் பேச வேறு என்ன வேண்டும்? வியாபாரிகள் சங்கத்தார், இனி ஊரில் தொழில்கள் தங்கா, எல்லாரும் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று எச்சரித்தார்கள். மூட்டை கட்ட வெகு தூரம் போகவேண்டியதும் இல்லை. வரி, நகரசபை எல்லையோடு நின்றுவிடுகிறது. டிரென்ட் பாலத்தைக் கடந்தால் வேறு சபையின் ஆட்சி. கிரிக்கெட் பிரியர்களுக்குப் பெயரளவிலாவது பழக்கமான அந்த டிரென்ட் பிரிட்ஜ் மைதானமும் அக்கரையிலேதான் இருக்கிறது. ஆனாலும் முதலாளிகள் பயமுறுத்தியபடி ஊர் காலியாகிவிடவில்லை. வரி வரப்போகிறது என்று தெரிந்ததுமே பலர் வண்டி நிறுத்தும் இடங்களைக் குறைத்துக்கொண்டார்கள். எஞ்சிய இடங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் வரியைக் கட்டிவிட்டார்கள்.

ஏன் கட்டினார்கள்? உப்புக்கு வரி போட்ட சாம்ராஜ்யத்தை நன்றாக அறிந்தவர்கள் நாம். ஆகையால் இந்தக் கேள்வி நமக்கு முக்கியமானது. அந்த உப்பு வரிப் பணம் எங்கே போயிற்று என்று கொடுத்தவன் கேட்க முடியாது. நாட்டிங்ஹாமிலோ, இந்தப் பணத்தைப் போக்குவரத்து வசதிக்கன்றி வேறு எதற்கும் தொடக்கூடாது என்று சட்டமே கையைக் கட்டியிருக்கிறது. 2023-ம் வருஷம் நவம்பரில் வரவு செலவைச் சமன் செய்ய முடியாதென்று நகரசபை பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. அந்தத் திண்டாட்டத்திலும் இந்தப் பணத்தை எடுத்து வேறு பள்ளத்தை நிரப்ப வழியில்லை.

முதல் பத்து வருஷங்களில் சுமார் 9 கோடி பவுன் சேர்ந்தது. அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். நாட்டிங்ஹாமில் பழைய டிராம் 1936-லேயே நின்றுபோயிற்று. சென்னையில் நம்முடைய டிராம் 1953-ல் நின்றது. அதற்குப் பிறகு அது ஞாபகத்தில் மட்டும்தான் ஓடுகிறது. அவர்களோ 2004-ல் புதிதாகத் தண்டவாளம் போட்டு ஒரு பாதையைத் திறந்தார்கள். 2015-ல் மேலும் இரண்டு பாதைகள் திறந்தன. அவற்றில் ஒன்று நதியைக் கடந்து கிளிப்டன் என்ற குடியிருப்புக்குப் போகிறது. மற்றொன்று பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் பீஸ்டன் பக்கம் போகிறது. இவற்றின் செலவில் ஒரு பங்கை வண்டி நின்ற இடங்களே கொடுத்தன. ரயில் நிலையத்தைப் புதுப்பித்ததிலும், மின்சார பஸ்களிலும் அந்தப் பணம் உண்டு.

இவ்வளவும் சரி. ஆனால் வரியைக் கட்டுவது யார்? சட்டப்படி முதலாளி. அவர் அதைத் தாமே ஏற்றுக்கொள்ளலாம். அல்லது சிப்பந்தியிடம் வசூலித்துக்கொள்ளலாம். இரண்டு விதமும் நடந்தன. அங்கேதான் நமக்கு மனம் உறுத்துகிறது. பெரிய மானேஜர் வண்டிக்கும் தரை கூட்டும் பெண்ணின் பழைய வண்டிக்கும் நகரசபை விதிக்கும் தொகை ஒன்றே. சம்பளத்துக்குத் தக்கபடி பிரிப்பதும் பிரிக்காததும் முதலாளியின் தயவு. அவள் வேலை முடித்துக் கிளம்பும் நேரம் நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியானால், டிராம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடங்களுக்கும் விலக்குக் கிடையாது. திருத்தவேண்டிய நோட்டுப் புஸ்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு இரண்டு வண்டி மாறிப் போகும் உபாத்தியாயினியின் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். வரி கொடுக்க விரும்பாதவர்கள் பக்கத்துத் தெருக்களில் வண்டியை விட்டுப் போவார்கள் என்பதும் எதிர்பார்க்க வேண்டியதுதான். அதற்கும் நகரசபையே காவல் போட வேண்டும்.

வேறு தேசங்களிலும் இத்தகைய வரி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஸிட்னியில் 1992 முதலும், பெர்த்தில் 1999 முதலும் விதித்தார்கள். பெர்த் நகரத்தின் மத்தியில் ஜனங்கள் காசு கொடாமல் ஏறும் பஸ்களுக்கு அந்தப் பணம் உதவிற்று. அங்கே வரி போட்டவை மாகாண சர்க்கார்கள். ஸ்தல சபை ஒன்று தன் ஊர் வோட்டர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரி போடுவது மிகவும் கடினமான காரியம். நாட்டிங்ஹாம் தொடங்கிப் பத்து வருஷம் கழிந்த பிறகும் பிரிட்டனில் வேறெந்த நகரமும் வசூலில் இறங்கவில்லை. ஸ்காட்லாந்து 2019-ல் தன் சபைகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அண்டை நகரமான லெஸ்டர் வெகு தூரம் முன்னேறி வந்து, 2022-ல் யோசனையைக் கைவிட்டுவிட்டது.

ராலி தொழிற்சாலை நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வதை 2002-ல் நிறுத்திற்று. அதற்கு முன்பே அதன் பழைய நிலத்தில் ஒரு பகுதியைச் சர்வகலாசாலை வாங்கி, குளமும் மரங்களுமாகப் புதிய கல்விக்கூடம் அமைத்திருந்தது. ஒரு காலத்தில் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் உருண்டு வெளிவந்த அந்த மண்ணில் ஆசிரியர்கள் மோட்டாரை நிறுத்தினால், சர்வகலாசாலை வரி கட்டவேண்டும். சைக்கிளில் வந்தால் கட்டவேண்டாம்.