கழுவக் கழுவக் கூடும் அரிப்பு

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவில் துணி லேசில் காயாது. மழை விட்டால் மூடுபனி. உள்ளாடையை வெளியில் போடக் கூச்சப்பட்டு, சமையலறைக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடும் பெண்கள் இன்னும் உண்டு. விடிகாலையில் அந்த ஈரத்தோடு உடுத்தி, தடித்த கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் மாட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனால், மலை குளிர்ந்தாலும் தொடையிடுக்கு வியர்த்து ஊறும். மாதவிலக்கு நாளில் சரிவில் கழிப்பறை ஏது? காலையில் வைத்த பேட் மாலைவரை அப்படியே கிடக்கும்.

அரிப்பு வந்ததும் கை முதலில் சோப்புக்குப் போகிறது, பிறகு டெட்டாலுக்கு. வெற்றிலைச் சாறு கலந்த திரவமும், மஞ்சக்கானி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மாசிக்காய்ச் சரக்கும் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இவை எதுவும் உள்ளே போகவே வேண்டாம். பிறப்புறுப்பின் உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே வாழும் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன. கழுவித் தள்ளினால் காவல் போகும். வெளித்தோலும் வெந்து இன்னும் அரிக்கும். பல பெண்களுக்குத் தொற்றே இருப்பதில்லை, சோப்பும் வாசனை பேடும்தான் காரணம். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

தயிர்த் திப்பிபோல் கெட்டியாக, வாடையில்லாமல் வெள்ளைப்பட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது இது. கர்ப்பத்திலும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகும் வரும். திரும்பத் திரும்ப வந்தால் களிம்பு வாங்குவதோடு நிற்காமல் இனிப்பு நீர் சோதனை செய்துகொள்ள வேண்டும். இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். 2019 தேசிய உடல்நல ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. தமக்கு அது இருப்பதே தெரியாதவர்களும் அதில் அடக்கம். அடங்காத அரிப்புதான் சிலருக்கு முதல் அறிகுறி.

மீன் வாடையும் சாம்பல் நிற நீரும் இருந்தால் அது பாக்டீரியாச் சமநிலை குலைந்தது. பூஞ்சைக் களிம்பு அதற்கு உதவாது. மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். அது உடலுறவில் பரவுவது; கணவருக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும், இல்லையேல் மறுபடி தொற்றும். சிறுமி இரவில் அரித்து அழுதால் கீரிப்பூச்சியையும் நினையுங்கள்.

அரசு கிளினிக்கில் மலேசியருக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பெண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம். நர்ஸிடம் "மிஸ்ஸி, கீழே அரிக்குது, ரொம்ப நாளா" என்றால் போதும், மீதியை அவர்களே கேட்பார்கள்.

மாதவிலக்கு நின்ற அம்மாமார் "வயசாச்சு, அப்படித்தான்" என்று சகித்துக்கொள்கிறார்கள். ஹார்மோன் குறைந்து தோல் வறண்டிருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. தோல் வெளுத்துத் தாள்போல் மெலிந்திருந்தால் லைக்கன் ஸ்கிலரோசஸ் ஆக இருக்கலாம். விட்டுவிட்டால் தோல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். டாக்டர் தரும் ஸ்டீராய்டு களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்னபடி தொடர்ந்து பூச வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது காட்டிக்கொள்ள வேண்டும்.