ஊசி குத்தினால் தும்மல் நிற்குமா?

ஏப்ரல் பிறந்தால் பெர்லின் தெருவோர பிர்ச் மரங்கள் மகரந்தத்தைக் காற்றில் கொட்டத் தொடங்கும். தேனீயை நம்பாமல் காற்றை நம்பும் மரம் அது. ஒரே ஒரு பூங்கதிரிலிருந்தே பல லட்சம் துகள்கள் கிளம்பும். பிர்ச் ஓய்ந்ததும் புற்கள் பூக்கும். ஜூலை வரை ஓயாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மாதங்கள் முழுக்க அடுக்குத் தும்மலும் மூக்கொழுகலும்தான். கண் அரித்துச் சிவந்து, இரவுத் தூக்கமும் கெட்டுப்போகும். இந்தத் தொல்லையைத் தன் உடம்பிலேயே கண்டு 1819-இல் விவரித்தவர் ஆங்கில மருத்துவர் ஜான் போஸ்டாக். மகரந்தமே காரணம் என்று தன்மீதே சோதித்துப் பார்த்து 1873-இல் எழுதியவர் சார்லஸ் பிளாக்லி.

மகரந்தத்தின் புரதம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அதைப் பகையென்று எண்ணிவிடும் உடல், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. மூக்கின் உட்சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை மகரந்தம் வந்து பட்டவுடன் அந்தச் செல்கள் வெடித்தாற்போல் ஹிஸ்டமினைக் கக்குகின்றன. செட்டிரிசின் போன்ற மாத்திரைகள், ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகின்றன. ஆனால் சிலருக்கு அவை தூக்கக் கலக்கம் தரும். வருடா வருடம் மாத்திரையா என்ற சலிப்பும் வரும். இப்படிச் சலித்தவர்களில் சிலர் அக்குபங்சர் என்ற ஊசிச் சிகிச்சையை நாடுகிறார்கள்.

ஊசி உண்மையிலேயே பலன் தருகிறதா? இதைச் சோதிப்பது எளிதல்ல. ஒவ்வாமை தானாகவே ஏறி இறங்கும் நோய். மகரந்தக் காலம் முடிந்தால் எந்த வைத்தியமும் செய்யாமலே குணமாகிவிடும். அதோடு, ஒருவர் அக்கறையோடு கையைப் பிடித்து, படுக்க வைத்து, அரை மணி நேரம் கவனித்தாலே பாதி நோய் போனதுபோல் இருக்கும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு ஊசியின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

பென்னோ பிரிங்க்ஹவுஸ் தலைமையில் ஜெர்மனியில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு அதைத்தான் செய்தது. பிர்ச், புல் மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு எட்டு வாரத்தில் பன்னிரண்டு முறை முறையான அக்குபங்சர்: நாசியின் இருபுறமும், புருவங்களுக்கு நடுவிலும், கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் ஊசி. இரண்டாம் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய பொய் ஊசி. மூன்றாம் பிரிவுக்கு ஊசியே இல்லை. தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள மூன்று பிரிவுக்கும் செட்டிரிசின் தரப்பட்டது.

எட்டு வாரம் கழித்து, மெய் ஊசி பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை மற்ற இரு பிரிவினரைவிட மேம்பட்டிருந்தது. அவர்கள் மாத்திரையும் குறைவாகவே எடுத்திருந்தார்கள். 0 முதல் 6 வரை போகும் அளவுகோலில் மெய் ஊசிக்கும் பொய் ஊசிக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.5. நோயாளி தன் உடம்பில் உணரக்கூடிய மாற்றத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லையும் அதுவே. பதினாறாவது வாரத்தில் பார்த்தபோது அந்த வித்தியாசமும் காணாமல் போயிருந்தது. ஊசி குத்திய சிகிச்சையாளருக்கு எது மெய், எது பொய் என்று தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணை மதிப்பிட வேண்டும். எனவே என் கணிப்பு இது: அக்குபங்சரைப் பொய்யென்று தள்ள முடியாது, தரும் நிவாரணம் சிறியது, நிலைப்பதும் இல்லை. மூக்கு ஒவ்வாமைக்கு மருந்தில்லா வழியை விரும்புவோருக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. பரிந்துரைத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 422 பேரில் ஒருவரிடமிருந்தும் மாத்திரை பறிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பெயரில், ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடும் சிகிச்சை பரவலாக நடக்கிறது. மருந்துகளை எல்லாம் நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர்களும் உண்டு. ஜெர்மனியில் சோதிக்கப்பட்டது தொடுதல் அல்ல. மருந்தை நிறுத்துவதும் அல்ல. அந்த முடிவுகளைக் காட்டி இவற்றுக்கு ஆதாரம் தேடுவது தவறு.

அக்குபங்சர் செய்துகொள்ள விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லுங்கள். மூக்கு ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பது சகஜம். அப்படி இருந்தால், யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.