சொல்லிவிட்டே கிளம்புங்கள்

தாயோ தந்தையோ கண்ணுக்கு மறைந்ததும் குழந்தை தவித்து அழுவதைப் பிரிவுப் பதற்றம் என்கிறார்கள். பெரும்பாலும் 8 மாத வாக்கில் இது தலைகாட்டும். 10 முதல் 18 மாதங்களுக்குள் உச்சத்துக்குப் போய், 3 வயதையொட்டித் தணியும். செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் வருவதென்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்பது அந்த வயதில்தான் புரிகிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் புரிவதில்லை.

அழாத குழந்தை பழகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் ஒரு காலத்தில் மருத்துவமனையில் சேர்த்த குழந்தையைப் பெற்றோர் பார்க்கவே கடும் கட்டுப்பாடு இருந்தது. சிகிச்சைக்காக எட்டு நாள் அங்கிருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்து 1952இல் வெளியிட்டார். அவள் பெரிதாக அழவில்லை. பொம்மையையும் போர்வையையும் இறுகப் பற்றியபடி, வந்த அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள். பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் அந்நாட்டு அரசுக் குழுவொன்று பரிந்துரைத்தது. அந்த மாற்றத்துக்கு இப்படமும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, “அதோ காக்கா பார்” என்று வேடிக்கை காட்டிவிட்டு நழுவுவது. அன்றைய அழுகை தப்பும். ஆனால் அம்மா எந்த நேரமும் மாயமாகலாம் என்ற பயம் பிடித்துக்கொள்வதால், மறுநாள் குளிக்கப் போனால்கூடக் குழந்தை பின்னாலேயே வரும். “அழுதால் விட்டுட்டுப் போயிடுவேன்” என்ற மிரட்டல் அதைவிடக் கொடுமை.

சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். மணிக்கணக்கு குழந்தைக்குப் பிடிபடாது. “கண்ணு, நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்” என்றால் பிடிபடும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, அவ்வளவுதான். வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சமாதானம் செய்தால் அழுகை நீளும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

எல்.கே.ஜி. சேர்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பே பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி என்று விட்டுப் பழக்கலாம். அம்மாவின் பழைய புடவைத் துண்டு பையில் இருந்தால் சில குழந்தைகளுக்குத் தெம்பு. திங்கட்கிழமையும், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகும், தம்பி தங்கை பிறந்த சமயத்திலும் அழுகை திரும்ப வரும், அது இயல்பு.

பள்ளி வயதுக் குழந்தை தினமும் காலையில் வயிற்று வலி என்பதும், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து தூங்க மறுப்பதும் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம் வலுக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.