குளிசை மட்டும் போதுமா?

முன்பு விரிவுரையாளனாக இருந்தேன். இன்று இங்கிலாந்தில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. என்னோடு பெட்டி அடுக்கும் சிம்பாப்வேப் பெண்ணிடம் ஒரு சொல் கற்றேன்: 'குஃபுங்கிசிசா'. ஷோனா மொழியில் 'அளவுக்கு மீறி யோசித்தல்'. மனச்சோர்வை அங்கு சனங்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். "யோசிச்சு யோசிச்சே உருக்குலைஞ்சு போனான்" என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

எச்.ஐ.வி.யுடன் வளரும் பிள்ளைகளுக்கு யோசிக்க நிறைய உண்டு. தாயிடமிருந்து கிருமியைப் பெற்ற பலர் பெற்றோரை இழந்தவர்கள். காரணம் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்கியவர்கள். தெரிந்த பின்னர், யாருக்குச் சொல்வது, யார் என்னைக் கட்டுவார்கள் என்ற கேள்விகள். குளிசையை ஒழுங்காக எடுத்தால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. ஆனால் மனம் உடைந்த பிள்ளை குளிசையை ஒளிக்கிறது, பிறகு நிறுத்துகிறது.

சிம்பாப்வேயில் 2004இல் தொடங்கிய 'ஸ்வான்டிரி' திட்டம் இதைக் கவனத்தில் எடுத்தது. பெயரின் பொருள் 'நான் இருக்கிறபடியே'. தாமும் எச்.ஐ.வி.யுடன் வாழும் 18 முதல் 24 வயதினர் பயிற்சி பெற்று, தம்மிலும் இளையவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். 2020இல் வெளியான ஆய்வின்படி, இத்துணை கிடைத்தோரில் 96 வாரங்களின் பின் இறந்தோரும் கிருமி கட்டுப்படாதோரும் 25 வீதம். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 36 வீதம்.

2022இல் வெளியான இன்னோர் ஆய்வு மன உளைச்சல் உள்ள 842 இளையோரைப் பற்றியது. ஒரு பகுதியினரின் துணைவர்களுக்கு, பிரச்சினைகளைக் கதைத்துத் தீர்க்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். 48 வாரங்களின் பின் அப்பகுதியில் உளைச்சல் உள்ளோர் 2.4 வீதம், மற்றப் பகுதியில் 10.3 வீதம். கிருமிக் கட்டுப்பாட்டில் இப்பயிற்சியால் மேலதிக பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மனம் ஆறுவது தனியே ஒரு பயன் இல்லையா?

இதை ஏன் எழுதுகிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் எம்மவரில் ஒரு பெடியன் வைத்தியசாலைக் கடிதத்தோடு என்னிடம் வந்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்திருந்தான். கடிதத்தை விளக்கினேன். எச்.ஐ.வி. பற்றிய துண்டுப்பிரசுரத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்லும் பிழையில்லை. தேத்தண்ணி கொடுக்க எழுந்தவன், எந்தக் கோப்பையில் கொடுப்பது என்று யோசித்து, கொடுக்காமலே இருந்துவிட்டேன். கோப்பையால் அது தொற்றாது என்று அன்றுதான் என் கையாலேயே எழுதியிருந்தேன். அவன் கவனித்தான். பிறகு வரவில்லை.

எமது சங்கங்களில் நீரிழிவு பற்றிக் கதைக்கிறோம். இதைப் பற்றி இல்லை. ஒரே வயதும் ஒரே வருத்தமும் உள்ள ஒருவரோடு அவனைச் சந்திக்க வைத்திருந்தால் அவனுக்கு உதவியாக இருந்திருக்கும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த எமது சிறிய சமூகத்தில், பெயர் வெளிவராமல் அப்படியொரு ஒழுங்கைச் செய்ய இயலுமா? வழி தெரிந்தோரும் இயலாது என்போரும் எழுதுங்கள்.